பன்னிரண்டு ஜோடி பூட்ஸ்

பிப்ரவரி 14, புதன்

காலையில் பூசைக்குப் போய், நெற்றியில் சாம்பலோடு அப்படியே ஆலைக்குப் போனேன். தவக்காலம் இன்று தொடங்குகிறது. இந்த நோட்டும் இன்றுதான் தொடங்குகிறது.

போன வாரம் கொச்சியில் மேலாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. தலைவன் என்பவன் முதலில் தொண்டன், உத்தரவு போடுகிறவன் அல்ல, தன் கீழே வேலை செய்கிறவர்களுக்குத் தோள் கொடுக்கிறவன் என்று பயிற்சி நடத்திய அம்மா சொல்லச் சொல்ல எனக்கு மெய் சிலிர்த்துப் போனது. மற்ற ஆலைகளின் மேலாளர்கள் எப்போது பிஸ்கட் வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நாளில் ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்தார். தினமும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுத வேண்டும்: இன்று யாருக்குத் தொண்டு செய்தேன்? முதல் பக்கத்தில் பெயரும் பொறுப்பும் எழுதச் சொன்னார். எழுதிவிடுகிறேன். கிளமெண்ட், வயது நாற்பத்தாறு, தூத்துக்குடி இறால் ஏற்றுமதி ஆலையின் மேலாளர். மொத்தம் நூற்று நாற்பது பேர். அதில் நூற்றுப் பத்துப் பேர் இறால் உரிக்கும் பெண்கள்.

எனக்கு முன்னால் இருந்த வைகுண்டம் சார் வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஒரு தடவை எடை குறைந்த தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அந்த ஆள் போன இடத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று இந்த ஊர் பார்க்கட்டும்.

பிப்ரவரி 16, வெள்ளி

கேண்டீனில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நானே சாம்பார் ஊற்றினேன். முதலில் யாரும் தட்டை நீட்டவில்லை. உரிக்கும் கூடத்துக்கு மேஸ்திரியான சந்தனமாரிதான் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள். "என்ன சார், உங்கள ஊத்த வச்சு எங்கள நரகத்துக்கு அனுப்பவா பாக்கீக?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாடு முடிவதற்குள் 'சார்' போய் 'அண்ணாச்சி' வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையே காதில் கேட்டது. எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து வருடங்கள் ஆகின்றன.

கம்ப்ரஸர் அறை ஆபரேட்டர் லிங்கதுரை மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு சமையல்காரரிடமே போய் வாங்கினார். போகட்டும்.

பிப்ரவரி 19, திங்கள்

இன்று ஒரு பெரிய காரியம் செய்தேன். பழுதுப் புத்தகத்தை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆலையில் எது கெட்டாலும் அதில்தான் எழுத வேண்டும். வெள்ளைத் தாள் எங்களுக்கு. அடியில் நகல் விழும் ரோஸ் தாள் சென்னைத் தலைமை அலுவலகத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு. மூன்று நாளில் பதில் எழுதாவிட்டால் அங்கிருந்து ஆள் வந்து நிற்பான். ஐந்து ஆலைகளில் நம் ஆலையிலிருந்துதான் அதிகமான ரோஸ் தாள் போகிறது. முக்கால்வாசி லிங்கதுரையின் கையெழுத்து. ஐம்பத்து நாலு வயது, இருபத்தாறு வருட சர்வீஸ். கதவுத் தாழ்ப்பாள் ஆடினால்கூடத் தேதி, மணி, நிமிடம் போட்டுச் சிவப்பு மையில் எழுதுவார். ஒரு வீட்டுக்குள் யாராவது எழுதிக் கொடுத்துக் குறை சொல்வார்களா? நம்பிக்கை இல்லாத இடத்தில்தான் காகிதம்.

கூட்டத்தில் சொன்னேன். "இனிமே யாரும் எழுத வேண்டாம். எங்கிட்ட வந்து சொல்லுங்க. நான் உங்க வேலைக்காரன்." கை தட்டினார்கள். லிங்கதுரை தட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் வந்து, "ராத்திரி ஷிப்டுல பழுதாச்சுன்னா யார்ட்ட சார் சொல்ல?" என்று கேட்டார். என் செல்போன் நம்பரை அவருடைய உள்ளங்கையிலேயே எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 21, புதன்

கழிவறைகளை நானே கழுவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 26, திங்கள்

உரிக்கும் கூடத்துக்கும் கம்ப்ரஸர் அறைக்கும் நடுவில் ஒரு சுவர். கூடத்துப் பக்கம் அதன் மேலே ஓடும் குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. அதில் அமோனியா லேசாகக் கசிகிறதாம். இறாலை உறையவைக்கும் இயந்திரத்துக்கு அமோனியாதான் உயிர். லிங்கதுரை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்காகத் தலையாட்டினேன்.

"இப்பம் முடுக்கி வச்சிருக்கேன் சார். தாங்காது. ரெண்டு நாளு பிளாண்டை நிறுத்தி மாத்தணும்."

"விடுங்கண்ணே, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். தோளில் கை போட்டேன். அவர் நெளிந்தார். அன்பு காட்டினால் நெளிகிற மனிதர்களும் உண்டு.

சந்தனமாரியின் மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததில் சாயங்காலம் போய்விட்டது.

மார்ச் 1, வெள்ளி

என் மனைவி ஜெனோவா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள். நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. "மூக்கு இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டாள். மூன்று வருடமாக இல்லைதான். கொரோனா வந்து போனபோது மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. ஆலையில் யாரிடமும் சொல்லவில்லை. இறாலை முகர்ந்து தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்து மேலே வந்தவன் நான். சொன்னால் சிரிப்பார்கள்.

"ஊருக்கெல்லாம் சாம்பார் ஊத்துதீக. இந்தப் பாத்திரத்தத் தேச்சு வைங்க பாப்போம்" என்றாள். தேய்த்தேன். அதையும் தொண்டில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

மார்ச் 4, திங்கள்

பத்தரைக்குக் கூடத்தில் அபாயச் சைரன் அடித்தது. பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஆறு மாதக் கர்ப்பிணி முத்துச்செல்வி ஈரத் தரையில் வழுக்கி விழப் பார்த்தாள். என் உயிரே போய்விட்டது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்தேன்.

அதே வால்வுதானாம். கொஞ்சம்தான், முடுக்கிவிட்டேன் என்றார் லிங்கதுரை.

"அந்தச் சத்தத்தக் கேட்டாலே நெஞ்சு அடைக்குது அண்ணாச்சி, ஏதாச்சும் செய்யுங்க" என்று சந்தனமாரி கேட்டாள். ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்துச் சைரனின் வயரை என் கையாலேயே கழற்றினேன். கம்ப்ரஸர் அறையில் இன்னொரு சைரன் இருக்கிறது. லிங்கதுரைக்குத் தெரிந்தால் போதாதா?

அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அது அவங்களுக்குத்தான சார் கத்துது. எனக்கா?" என்றார். குரல் உயர்ந்திருந்தது. கூடத்தின் நடுவில், எல்லாப் பெண்களும் பார்க்க. "அண்ணே, இந்த ஆலையில இனிமே யாரும் கத்தக் கூடாது. வைகுண்டம் சார் காலம் முடிஞ்சு போச்சு" என்று மெதுவாகத்தான் சொன்னேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. பாவமாகத்தான் இருந்தது.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினம். ஆளுக்கு ஒரு ரோஜா. தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம்: பிப்ரவரி பாதிக்குப் பிறகு நம் ஆலையிலிருந்து ஒரு பழுதுப் புகார்கூட இல்லை, மற்ற ஆலைகள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஃபிரேம் போட்டுக் கேண்டீனில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

லிங்கதுரை மறுபடியும் அதே வால்வைப் பற்றிப் பேச வந்தார். "இன்னும் எத்தன நாளைக்கு சார் முடுக்குதது? முடுக்க முடுக்க அது வீணாப் போகும்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன், வந்தது. இரண்டு நாள் நிறுத்த வேண்டும் என்றால் காரணத்தைச் சென்னைக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை மாட்டிய ஆணி இன்னும் புதுசாக இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். உரித்த கிலோவுக்குத்தான் பெண்களுக்குக் கூலி. அவர்களுடைய இரண்டு நாளை அவர்களைக் கேட்காமல் நான் பிடுங்கலாமா? வைகுண்டம் சார் பிடுங்குவார். நான் கேட்பேன்.

மார்ச் 13, புதன்

கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் உட்காரவைத்து நான் மட்டும் நின்றுகொண்டேன். பராமரிப்பு வேலைக்கு ஆலையை இரண்டு நாள் மூட வேண்டியிருக்கிறது, இப்போதே மூடலாமா, ஈஸ்டர் கழித்தா, முடிவு உங்களுடையது என்றேன்.

"அவசரமா அண்ணாச்சி?" சந்தனமாரி கேட்டாள்.

"அவசரம்னு ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுதபடி."

"அப்பம் ஈஸ்டர் கழியட்டும். பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும்லா."

கைகள் எல்லாம் உயர்ந்தன. இந்த ஊரில் எந்த ஆலையில் இப்படித் தொழிலாளிகள் கை தூக்கி முடிவு செய்திருக்கிறார்கள்? கண்ணில் நீர் வந்தது. அமோனியா என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. பயமுறுத்தி வாங்கும் முடிவு முடிவே அல்ல என்று கொச்சியில் சொன்னார்கள். அப்படித்தான் சொன்னதாக ஞாபகம்.

லிங்கதுரை அப்போது ஷிப்டில் இருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 20, புதன்

மூன்று நாளாக இருமல். கூடத்தில் நிறையப் பேருக்கு இருக்கிறது. சீசன் காய்ச்சல். எல்லாருக்கும் சுக்குக் காப்பி போடச் சொன்னேன்.

மார்ச் 25, திங்கள்

லிங்கதுரை என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்கு புக்கு வேணும் சார். நான் எழுதணும்."

"எங்கிட்ட சொல்லுங்கண்ணே. நான் எழுதிக்கிடுதேன்." அவர் கண் முன்னாலேயே இந்த நோட்டைத் திறந்து எழுதினேன்: கூடத்து வால்வு. லிங்கதுரை. நான்காம் முறை.

எட்டிப் பார்த்தார். "இதுக்கு ரோஸ் தாள் உண்டா?"

"நமக்குள்ள எதுக்குண்ணே அதெல்லாம்?"

"நீங்க நல்லவுகதான் சார். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மனிதரை எப்படித்தான் ஜெயிப்பது? அவர் வாயிலிருந்து ஒரு தடவை 'அண்ணாச்சி' வந்துவிட்டால் போதும் எனக்கு.

மார்ச் 28, பெரிய வியாழன். காலை 11.40

கை இன்னும் ஈரமாக இருக்கிறது. சூட்டோடு எழுதிவிட வேண்டும்.

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய நினைவாகக் கோவிலில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும் நாள். ஆலைக்குள் பாதம் கழுவ முடியாது. ஆகவே பெண்கள் வேலையில் போடும் ரப்பர் பூட்ஸைக் கழுவுவது என்று முடிவு செய்திருந்தேன். குலுக்கலில் பன்னிரண்டு பெண்கள். கூடத்திலேயே, சுவரோரம் பெஞ்சு போட்டு உட்காரவைத்தேன். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். நான் முட்டி போட்டு, குளோரின் கலந்த தண்ணீரில் ஒவ்வொரு ஜோடியாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அவர்கள் காலில் நானே மாட்டிவிட்டேன்.

நாலாவது ஜோடியிலேயே பெஞ்சில் ஒருத்தி கண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள். அடுத்தவளும். தலை நிமிர்ந்து பார்த்தால் பன்னிரண்டு பேரும் அழுகிறார்கள். முத்துச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். சுற்றி நின்றவர்களும் மூக்கை உறிஞ்சுகிறார்கள். எனக்கும் கண்ணில் தாரை தாரையாக வந்தது. தொண்டை அடைத்தது. பேச முடியவில்லை. "போதும் அண்ணாச்சி, போதும், எந்திரிங்க" என்று சந்தனமாரி இரண்டு தடவை சொன்னாள். கூச்சம். "பன்னெண்டையும் முடிக்காம எந்திரிக்க மாட்டேன்" என்றேன். ஒருவர்கூட இடத்தை விட்டு அசையவில்லை. நாற்பத்தாறு வருடத்தில் இப்படி ஒரு அரை மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை. யாருடைய மனமும் இந்த அளவுக்கு இளகி நான் பார்த்ததில்லை.

எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். என் கண் இன்னும் எரிகிறது.

கூடத்தில் ஏதோ சத்தம். லிங்கதுரையின் குரல். பெண்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். இன்றைக்கா, அதுவும் இந்த நாளிலா? போய்ப் பார்க்கிறேன்.

மார்ச் 30, சனி

வால்வு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டது.

கம்ப்ரஸர் அறையில் சைரன் அடித்திருக்கிறது. கூடத்தில் அடிக்கவில்லை. லிங்கதுரை முகமூடியை மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் ஓடிவந்திருக்கிறார். முகமூடிக்குள்ளிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? கழற்றிவிட்டுக் கத்தியிருக்கிறார். "எந்திரிங்கட்டீ! ஓடுங்கட்டீ!" முதலில் யாரும் ஓடவில்லை. சிலர் சிரித்ததாகச் சந்தனமாரியே சொன்னாள். "அண்ணாச்சிதான் கத்தக் கூடாதுன்னு சொல்லிருக்காவல்லா, இவுக இன்னும் கத்துதாவன்னு நெனச்சோம்." மேசை மேசையாகப் போய், கையைப் பிடித்து இழுத்து, முதுகில் அடித்து வெளியே தள்ளியிருக்கிறார். நூற்றுப் பத்துப் பேரும் வெளியே வந்துவிட்டார்கள். பிறகு வால்வை அடைக்க உள்ளே போயிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைப் புகையாக இருந்தது. என் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணும் தொண்டையும் பற்றி எரிந்தன. பூட்ஸ் கழுவும்போது எரிந்த அதே எரிச்சல், பத்து மடங்கு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் அழுதார்கள் என்று புரிந்தது. எழுதவே கை கூசுகிறது.

ஏப்ரல் 1, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த முத்துச்செல்வியும் மற்ற ஏழு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவளுடைய குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே முட்டி போட்டுவிட்டேன்.

லிங்கதுரைக்குத் தொண்டையும் நுரையீரலும் வெந்திருக்கின்றன. குழாய் போட்டிருக்கிறார்கள். அவருடைய மனைவி தங்கக்கனிக்கு மூன்று வேளையும் நானே சாப்பாடு கொண்டுபோகிறேன்.

ஏப்ரல் 3, புதன்

காலை ஆறு இருபதுக்கு இறந்துவிட்டார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தங்கக்கனி வீட்டுக்கு வந்திருந்தார். ஜெனோவா கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

தலைமை அலுவலகம் பழுதுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டது. பிப்ரவரி பதினேழோடு நிற்கிறது. வால்வைப் பற்றி ஒரு வரி இல்லை. பழுதைக் கவனித்துச் சொல்ல வேண்டிய ஆபரேட்டர் சொல்லத் தவறினார் என்று தொழிற்சாலை ஆய்வாளரிடம் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறதாம்.

"அவுக அசந்து தூங்கிட்டாவளாம் அண்ணாச்சி. அதுனாலதான் காஸ் வந்துச்சாம். தெருவுல அப்படிப் பேசுதாவ. இருபத்தாறு வருசம். ஒரு நாளு லேட்டாப் போயிருப்பாவளா? சொல்லாம இருக்க மாட்டாவ. யார்ட்டயோ சொல்லிருக்காவ. யார்ட்டன்னுதான் எனக்குத் தெரியல." என் முகத்தைப் பார்த்தார். "நீங்க தெய்வம் மாதிரி நின்னு பாத்தீக. வெள்ளிக்கிழம விசாரணையில நீங்க கேட்டுச் சொல்லுங்க. அவுக சொன்னாவளா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அவர் போன பிறகு ஜெனோவா டம்ளரை எடுத்தாள். காப்பி அப்படியே இருந்தது. "அந்த மனுசன் யார்ட்ட சொன்னாரு?" என்று என்னைக் கேட்டாள். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போவேன். பிப்ரவரி 26, மார்ச் 4, மார்ச் 11, மார்ச் 25. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. ஆய்வாளர் கையில் கொடுத்துவிடுவேன். வேலை போகும், வழக்கு வரும். வரட்டும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சந்தனமாரியும் பத்துப் பெண்களும் வந்தார்கள். வீடு நிறைந்துவிட்டது. முத்துச்செல்வியைச் சோபாவில் உட்காரவைத்தேன்.

"நீங்க கவலப்படாதீக அண்ணாச்சி. ஆய்வாளர் ஆள் அனுப்பி எங்கட்ட வாக்குமூலம் வாங்கிட்டாவ. வால்வு பத்தி லிங்கதுரை அண்ணன் யார்ட்டயும் எதுவும் சொல்லலன்னு நூத்திப் பத்துப் பேரும் ஒண்ணுபோலச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டோம். சைரன அவுகளே கழத்திட்டாவன்னும் சொல்லிட்டோம்."

"யாரு சொல்லச் சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல. எங்களுக்குத் தெரியாதா?" அவளுக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே. "உசுரக் குடுத்து எங்களக் காப்பாத்துனவுகதான். நாங்க மறக்க மாட்டோம். ஆனா அவுக போயிட்டாவ. நீங்க இருக்கீக. எம் மகளுக்குக் காலேஜ் பாரம் எழுதிக் குடுத்தீக. எங்க காலுக்கு பூட்ஸ் மாட்டுன கையி. அதுக்கு விலங்கு விழுறதப் பாத்துக்கிட்டு இருப்போமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினொரு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது எனக்காகச் செய்து கொண்டுவந்த முறுக்கை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 12, வெள்ளி

நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆய்வாளர் மரியாதையான மனிதர். சின்ன வயது. "ஆபரேட்டர் வால்வைப் பத்தி உங்ககிட்ட வாயால ஏதாவது சொன்னாரா சார்? இல்ல எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவோடு காத்திருந்தார். அவர் மேசையில் பெண்களின் வாக்குமூலங்கள் கட்டாக இருந்தன. மேலே சந்தனமாரியின் கையெழுத்து. உருண்டை உருண்டையான எழுத்து. நான் உண்மையைச் சொன்னால் நூற்றுப் பத்துப் பேரும் பொய் சாட்சி சொன்னவர்கள் ஆவார்கள். அதில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. ஆலையை மூடுவார்கள். எத்தனை வீட்டில் அடுப்பு அணையும்? எனக்காக நான் யோசிக்கவில்லை. மடியில் இருந்த பை கனத்தது.

"இல்லை" என்றேன். "ரெண்டுமே இல்லை."

கையெழுத்துப் போட்டேன். மூன்று பிரதி.

வெளியே தாழ்வாரத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதில் தங்கக்கனி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர் சொன்னாரா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. திறந்திருந்த கதவையும் என் முகத்தையும் பார்த்தார். உள்ளே பேசியது அங்கே கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். நாற்காலியை முந்தானையால் துடைத்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார். "எவ்வளவு நேரந்தான் நிப்பீக."

உட்கார்ந்தேன்.